இரவல் காது

21 டிசம்பர் 2024, சனி

கதிருக்கு செமஸ்டர் லீவு. நேற்று ராத்திரி கோவையிலிருந்து வந்து இறங்கினான். அக்கா கொடுத்தனுப்பிய முறுக்கை அம்மாவிடம் நீட்டிய கையோடு என் மேஜைக்கு வந்துவிட்டான். என் ஹெட்போனின் காது மெத்தை உரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. விளையாடி எழுந்தால் கன்னமெல்லாம் கரி. "இதை வெச்சுக்கிட்டா ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆடுறீங்க, மாமா?" என்றான். ஆடுவதைப் பற்றி அம்மாவுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டாம்.

இன்றைக்கு ரிச்சி தெரு. நாலைந்து கடை ஏறி இறங்கியதில் எல்லாப் பெட்டியிலும் 7.1 என்று கொட்டை எழுத்து. கடைசிக் கடைக்காரர் அடித்துச் சொன்னார்: "பின்னாடி ஆள் வந்தா பின்னாடியே கேக்கும் சார்." இரண்டாயிரத்துச் சொச்சம். வாங்கியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கதிர் சும்மா இருப்பானா? மெத்தையை மெல்லத் திருகிக் கழற்றி, வலைத்துணியை விலக்கிப் பார்த்தோம். இந்தப் பக்கம் ஒரே ஒரு வட்டத் தகடு, உள்ளங்கையில் பாதி அகலம். அந்தப் பக்கமும் அதேதான். பெட்டியில் போட்ட ஏழு ஸ்பீக்கரையும் காணோம், புள்ளி ஒன்றையும் காணோம். ஏமாந்துவிட்டோம் என்று நான் பில்லைத் தேட ஆரம்பித்தேன். அவன் திருப்பிக் கேட்டான்: "நமக்கும் ரெண்டே காதுதானே மாமா? பின்னாடி வர்ற பஸ் நமக்குத் தெரியலையா?"

பதில் சொல்ல முடியவில்லை. பில்லை டிராயரில் வைத்துவிட்டேன்.

22 டிசம்பர், ஞாயிறு

மத்தியானம் ஹாலில் ஃபேனை நிறுத்திவிட்டுச் சோதனை. நான் ஸ்டூலில், கண்ணைச் சுற்றி அம்மாவின் பழைய துண்டு. தலை ஆடக் கூடாது என்பதற்காக மோவாய்க்கு அடியில் பழைய வருமான வரிப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டேன். (ஆடிட்டர் ஆபீசில் இருபது வருஷம் குப்பை கொட்டியதற்கு ஓர் உபயோகம்.) கதிர் வெறுங்காலோடு சத்தமில்லாமல் சுற்றி வந்து, எங்காவது நின்று சாவிக்கொத்தை ஆட்டுவான். நான் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

இடமா வலமா என்பதில் ஒரு தடவை கூடத் தப்பவில்லை. இதன் கணக்கு பழையது. 1907-லேயே இங்கிலாந்தின் ராலே பிரபு எழுதி வைத்திருக்கிறார். காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. நம் தலையைச் சுற்றி ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போக அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு ஆகும். அந்தத் துளி நேரத்தை மூளை அளந்துவிடுகிறது. கீச்சுச் சத்தமாக இருந்தால் தலையே மறைத்து நிழல் போடும். அந்தப் பக்கக் காதில் சன்னமாகக் கேட்கும்.

ஆனால் நேர் முன்னாலும் நேர் பின்னாலும் ஆட்டினால்? இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஒரே அளவு. கணக்குப்படி வித்தியாசமே இருக்கக் கூடாது. இருந்தும் பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னேன். மூன்று தடவைதான் முன்னதைப் பின்னால் என்றேன்.

காது மடலின் வேலை இது என்று கதிர் சொன்னான். மடிப்பிலும் குழிவிலும் பட்டு வருவதில், ஏழெட்டு கிலோஹெர்ட்ஸ் பக்கம் சில சுருதிகள் அடிபட்டுப் போகின்றன. எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்குத் தக்கபடி அடிபடும் இடமும் மாறுகிறது. சொன்னதோடு நிற்காமல் அடுப்படிக்குப் போய், பிசைந்து வைத்திருந்த கோதுமை மாவில் இரண்டு உருண்டை கிள்ளி வந்து, துளையை விட்டுவிட்டு என் மடலின் பள்ளங்களை மட்டும் அப்பி நிரப்பினான். சில்லென்று இருந்தது. மறுபடியும் சாவி. இடம் வலம் அப்படியே இருக்க, மேல் கீழ் மட்டும் போயே போய்விட்டது. உச்சந்தலைக்கு மேலே ஆட்டினாலும் மூக்குக்கு எதிரே ஆட்டுகிற மாதிரிதான் இருந்தது.

"சப்பாத்திக்கு வெச்ச மாவுடா அது!" என்று அம்மா வந்து நின்றாள். அம்மாவுக்குச் சின்ன வயதில் சீழ் வடிந்து இடது காது கேட்பதில்லை. அவளிடமும் சாவியை ஆட்டிப் பார்க்கலாம் என்று கதிருக்கு ஆசை. ஆட்டினான். அம்மா தலையை ஒரு தடவை இப்படி, ஒரு தடவை அப்படித் திருப்பினாள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

23 டிசம்பர், திங்கள்

மார்கழி. விடியற்காலை தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிட்டது. பால்கனியில் நின்றால் பாட்டு கோயிலிலிருந்து வராமல், எதிர் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடியிலிருந்து வருகிறது. கோயில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்புவது மட்டும்தான் எனக்குக் கிடைக்கிறது. இருபது வருஷமாகக் கேட்கிறேன், இன்றைக்குத்தான் கவனித்தேன்.

இதை ஒரு கம்பெனி 1998-லேயே கம்ப்யூட்டருக்குள் செய்து காட்டியது. ஆரியல் என்று பெயர், ஏ3டி அவர்களுடைய தொழில்நுட்பம். விளையாட்டின் சுவர்களை வைத்துக்கொண்டு, சத்தம் எதில் பட்டு எப்படித் திரும்பும் என்று சவுண்ட் கார்டே கணக்குப் போடும். காலேஜில் கூடப் படித்தவன் வீட்டில், சிங்கப்பூரிலிருந்து வந்த அந்த கார்டில் 'ஹாஃப்-லைஃப்' கேட்டிருக்கிறேன். இரண்டு ரூபாய் பஞ்சு வைத்த ஹெட்போன். காற்றுக் குழாய்க்குள் தவழும்போது ஏதோ ஒன்று எனக்குப் பின்னால் வந்தது. நான் நாற்காலியோடு திரும்பிவிட்டேன். அவன் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான்.

போட்டிக் கம்பெனியான கிரியேட்டிவ் அவர்கள் மேல் காப்புரிமை வழக்குப் போட்டது. 1999-ல் தீர்ப்பு ஆரியல் பக்கம். ஆனால் வழக்குச் செலவு தின்றுவிட, 2000-ல் திவால். சொத்தை வாங்கியது அதே கிரியேட்டிவ். அப்புறம் விண்டோஸ் விஸ்டா வந்தபோது, விளையாட்டுகள் சவுண்ட் கார்டிடம் நேராகப் பேசிக்கொண்டிருந்த பழைய வழியையே எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டியில் 7.1 என்று போட்டு விற்பதை என் தலைமுறை புதுசு என்று நம்பினால் சிரிப்புதான் வரும்.

24 டிசம்பர், செவ்வாய்

ஆபீஸிலிருந்து வரும்போது கதிர் மொட்டை மாடியில் இருந்தான். அம்மாவை ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டிருந்தான். 'சளப், சளப்' என்று நாலே எட்டு. அதை ஆடாசிட்டி மென்பொருளில் ஏற்றி, ஏழு திசைக்கும் தனித்தனிச் சேனலில் வைத்து ஒரு கோப்பு தயாரித்துவிட்டான். முன் இடம், முன் நடு, முன் வலம், பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. எந்த வரிசையில் வரும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று முறுக்கைக் கடித்துக்கொண்டே விளக்கினான். நிஜமான ஓர் அறையில் ஏழு ஸ்பீக்கர் வைத்தால் ஒவ்வொன்றின் சத்தமும் இரண்டு காதுக்கும் போகும்; போகிற வழியில் தலையும் மடலும் அதை மாற்றும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு சத்தத்தின் மேல் பூசிவிடுகிறார்கள். ஒரு ஸ்பீக்கருக்கு இடக் காதுக்கு ஒன்று, வலக் காதுக்கு ஒன்று என்று இரண்டு வடிகட்டி. ஏழுக்குப் பதினான்கு. மிச்சமிருக்கும் புள்ளி ஒன்று என்பது அதிர்வுக்கான பேஸ். அதற்குத் திசை கிடையாது, இரண்டு காதிலும் கொட்டிவிடலாம். இந்த வடிகட்டிகளின் கூட்டுக்குத்தான் ஹெச்ஆர்டிஎஃப் என்று பெயர்.

"யார் காதை வெச்சு அளந்தது?" என்றேன்.

அங்கேதான் விஷயம். கீமார் என்று ஒரு பொம்மைத் தலை இருக்கிறது, ரப்பர் காதோடு. 1994-ல் எம்ஐடி மீடியா லேபில் அதன் காதுக்குள் மைக் வைத்து, சுற்றிலும் நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து சத்தம் கொடுத்து அளந்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதற்கப்புறம் கம்பெனிகள் தத்தம் வழியில் அளந்துகொண்டன. எப்படியானாலும் எனக்குக் கிடைப்பது என் காது கிடையாது. இரவல் வாங்கிய செருப்பைப் போல, சிலருக்குப் பொருந்தும், சிலருக்குக் கடிக்கும்.

25 டிசம்பர், புதன்

விடுமுறை. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தோம்.

ஏற்பாடு: ஹெட்செட்டோடு வந்த யூஎஸ்பி வில்லையை ஒதுக்கிவிட்டோம். அது தானே ஒரு 7.1 பூசுகிறது, அம்மாவின் செருப்பு குளியலறைக்குள் நடக்கிற மாதிரி எதிரொலி வேறு. அதனால் ஜாக்கை நேராகக் கம்ப்யூட்டரில் செருகினோம். விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்புக்குள் போனால் ஸ்பேஷியல் சவுண்ட் என்ற இடத்தில் மூன்று வழி. விண்டோஸ் சோனிக் இலவசம், 2017-லிருந்து விண்டோஸிலேயே இருக்கிறது. டால்பி அட்மாஸும் டிடிஎஸ் ஹெட்போன்:எக்ஸும் காசு. முதலில் கொஞ்ச நாள் சும்மா பார்க்க விடுகிறார்கள். எதுவும் இல்லாத வெறும் ஸ்டீரியோ நாலாவது. நாலுக்கும் அ, ஆ, இ, ஈ என்று கதிர் பெயர் வைத்து, எது எது என்று ஒரு கவரில் எழுதி ஒட்டிவிட்டான். ஒரு சுற்றுக்கு 21 சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டுவேன்.

முதல் இரண்டு சுற்றிலும் இடம் வலம் எல்லாமே தப்பு. தப்பு என்றால் சாதாரணத் தப்பு இல்லை. முன் இடம் என்றால் முன் வலம் என்கிறேன், பின் வலம் என்றால் பின் இடம். கதிர் முகத்தில் சந்தேகம். இரவல் காது இவ்வளவு மோசமா என்று எனக்கே பயம் வந்துவிட்டது. கடைசியில் பார்த்தால் ஹெட்போனைத் திருப்பி மாட்டியிருக்கிறேன். மைக்கைக் கழற்றி வைத்துவிட்டதால் எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. இடது வலது எழுத்து வளையத்தின் உள்பக்கத்தில், எறும்பு சைஸில். குறித்ததைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி மாற்றிப் படித்துக்கொண்டோம். வீணாகவில்லை.

மத்தியானம் அவன் உட்கார்ந்தான், வரிசையை நான் மாற்றிப் போட்டுக் குறித்தேன்.

26 டிசம்பர், வியாழன்

ஆபீஸில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். 'அ' இருவருக்கும் ஒரே மாதிரி: இடம், நடு, வலம் மூன்றும் தெளிவு, முன்னா பின்னா என்பது பூவா தலையா. 21-க்கு 9, 10. அதுதான் வெறும் ஸ்டீரியோ என்பதற்குக் கவரைப் பிரிக்கத் தேவையில்லை.

எனக்கு 'இ'-யில் 17, 'ஆ'-வில் 14, 'ஈ'-யில் 12. கதிருக்கு 'ஈ'-யில் 16, 'இ'-யில் 11. எனக்குப் பின்னந்தலைக்கு அரை அடி தள்ளி நடந்த அதே செருப்பு, அவனுக்கு நெற்றிக்குள் நடக்கிறது. தாய்மாமன் என் காதுக்கும் அவன் காதுக்கும் இத்தனை தூரம்.

ராத்திரி கவரைப் பிரித்தோம். எது எது என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அடுத்த வருஷம் படிக்கும்போது நானே அதை ஐஎஸ்ஐ முத்திரையாக நம்பி நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன்.

27 டிசம்பர், வெள்ளி

இன்றைக்கு நிஜ ஆட்டம். செருப்பை வைத்து எத்தனை நாள் ஓட்டுவது?

வாலரன்ட் ஆட்டத்தில் 2021-லிருந்து ஹெச்ஆர்டிஎஃப் உள்ளேயே வருகிறது. வேண்டுமென்றால் போடலாம், வேண்டாமென்றால் எடுக்கலாம். அறிமுகப்படுத்தியபோது காலடி, துப்பாக்கியில் தோட்டா மாற்றுவது மாதிரி சிலவற்றுக்கு மட்டும்தான் அதைக் கொடுத்தார்கள். கெட்டிக்காரத்தனம். எல்லாச் சத்தத்துக்கும் பூசினால் காதில் சந்தைக்கடைதான். கதிர் தன் லேப்டாப்பிலிருந்து என் தனி அறைக்குள் வந்து என்னைச் சுற்றி ஓடினான். நான் தரையைப் பார்த்தபடி மௌஸைத் தொடாமல் நின்றேன். எடுத்துவிட்டால் பின்னால் ஓடுவது முன்னால் ஓடுவது மாதிரி, போட்டால் பின்னால். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

பிறகு ஒரு முட்டாள்தனம் செய்து பார்த்தோம். ஆட்டத்துக்குள் ஹெச்ஆர்டிஎஃபையும் வைத்து, அதன் மேல் யூஎஸ்பி வில்லையின் 7.1-ஐயும் போட்டோம். ஏற்கெனவே இரண்டு காதுக்கென்று தயாராகி வந்த சத்தத்தை, அந்த வில்லை இரண்டு முன் ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொண்டு மறுபடி வடிகட்டுகிறது. வடித்த சோற்றை மறுபடி உலையில் போட்ட மாதிரி. பின்னால் இருந்தவன் முன்னால் வந்துவிட்டான், குரலெல்லாம் தகர டப்பா. ரிச்சி தெருவில் இந்த ஹெட்செட்டை வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் இப்படித்தான் ஆடிக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-ல் நியூக் மேப்பையும் விட்டுவைக்கவில்லை. அணு உலைக் கட்டடம்; குண்டு வைக்கும் இரண்டு இடங்களில் ஒன்று மாடி மாதிரி மேலே, மற்றது அதற்கு நேர் கீழே. எங்கள் ஏழு ஸ்பீக்கர் கணக்கு இங்கே செல்லாது. ஏழும் காது மட்டத்தில் நிற்பவை, உயரம் தெரியாதவை. இந்த ஆட்டத்தின் ஹெச்ஆர்டிஎஃப் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதனதன் இடத்திலிருந்து கணக்குப் போடுவதால் மேல் கீழும் அதில் உண்டு. உண்டு என்பது ஏட்டளவில். இரும்புத் தரையில் கதிர் நடக்கும்போது எனக்கு மேலா கீழா என்பது பத்துக்கு ஆறு தடவைதான் பிடிபட்டது. காதில் மாவை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

இன்னொன்று. கதிர் தன் ப்ளூடூத் இயர்பட்ஸைப் போட்டுப் பார்த்தான். மைக்கை ஆன் செய்தவுடன் எல்லாம் டெலிபோன் சத்தம். பேசும் வசதிக்கு மாறியவுடன் ப்ளூடூத் ஸ்டீரியோவை விட்டுவிட்டு ஒற்றைச் சேனலுக்கு இறங்கிவிட்டது. இடமே இல்லை, வலமே இல்லை, அப்புறம் எங்கே சரவுண்ட்?

28 டிசம்பர், சனி

இன்று தோற்றேன். ஒருவருக்கு ஒருவர் ஆட்டம். நான் 'இ' காதோடு, பெருமையாக. கதிர் வெறும் ஸ்டீரியோவில், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. பத்தில் எட்டு அவனுக்கு. வயசு, விரல் வேகம் என்று நூறு சாக்கு சொல்லலாம். ஆனால் பின்னால் பதுங்கி வந்தபோதும் அவன் முன்கூட்டியே திரும்பினான்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் கையைப் பார்த்தேன். மௌஸ் ஒரு விநாடி நிற்பதில்லை. சின்னச் சின்னதாக, இடமும் வலமுமாக ஓர் ஆட்டல். நிற்கும்போதும் ஆட்டுகிறான். ஏன் என்றால் "பழக்கம் மாமா" என்கிறான்.

அம்மா சாவிக்குத் தலையைத் திருப்பியது இதேதான். முன்னால் இருக்கும் சத்தத்துக்கு வலப்பக்கம் திரும்பினால் அது இடக் காதுக்கு நகரும். பின்னால் இருந்தால் வலக் காதுக்கு நகரும். மடல் சொல்லாததைக் கழுத்து சொல்லிவிடும். ஆட்டத்தில் மௌஸ்தான் கழுத்து. வெறும் ஸ்டீரியோவிலும் அவனுக்கு முன்-பின் தெரிந்தது அதனால்தான். ஒரு வாரம் நான் தலையைப் புத்தகத்தில் முட்டுக்கொடுத்து, மௌஸைத் தொடாமல் சோதித்ததெல்லாம் உண்மைதான். ஆனால் அப்படி யார் ஆடுகிறார்கள்?

அதற்காக 'இ'-யை எடுத்துவிடவில்லை. அசையாமல் மூலையில் காத்திருப்பது என் பாணி. எனக்கு அது உதவுகிறது. தனியாக ஆடும் கதை ஆட்டங்களில் இன்னும் அருமை. 2017-ல் வந்த 'ஹெல்பிளேட்'-ஐ ராத்திரி அரை மணி நேரம் போட்டேன். அதன் நாயகி செனுவாவின் தலைக்குள் பேசும் குரல்களை, இரண்டு காது வைத்த மைக்கைச் சுற்றி நடிகைகளை நடமாட விட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். அதற்கு எந்த வடிகட்டியும் வேண்டாம், போடவும் கூடாது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கேட்டேன். பிடரியில் மூச்சுப் பட்டது. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படுத்தேன்.

29 டிசம்பர், ஞாயிறு

கதிர் தேடி எடுத்த ஒரு செய்தி. நாங்கள் மாவில் செய்ததை நெதர்லாந்தில் ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள், 1998-ல் வெளியானது. சிலருடைய மடல் பள்ளங்களில் அச்சு வார்த்துப் பொருத்தி, அதோடே நடமாட விட்டார்கள். முதலில் மேல் கீழ் குழம்பியது. வாரக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்த பிறகு மூளை புதுக் காதைக் கற்றுக்கொண்டுவிட்டது. கழற்றியதும் பழைய காது உடனே வேலை செய்தது.

ஆக, மூன்று நாளைக்கு ஒன்று மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் எந்த இரவல் காதும் படியாது. ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு மாசம் ஆட வேண்டும். என் பட்டியலின் 17-ம் 14-ம் முதல் நாள் மார்க், அவ்வளவுதான்.

ப்ளே ஸ்டேஷன் 5-ல் முதலில் ஐந்து தயார் காதுகள் கொடுத்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இந்த செப்டம்பரில் ஆளுக்கேற்ப அமைத்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. ஐபோனில் 2022-லிருந்து கேமராவில் காதைக் காட்டினால் அளந்துகொள்கிறது. அளவெடுத்துத் தைக்கிற காலம் வருகிறது போலிருக்கிறது. என் கம்ப்யூட்டருக்கு இன்னும் ரெடிமேட்தான்.

31 டிசம்பர், செவ்வாய்

அம்மா ஒரு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் இன்றைக்குத் தானாகவே வந்து உட்கார்ந்தாள். "என் செருப்பை வெச்சு என்னடா பண்றீங்க ரெண்டு பேரும்?" ஹெட்போனை மாட்டிவிட்டேன். கேட்கும் காது ஒன்று என்றால் இதில் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். கதிர் 'இ'-யைப் போட்டு, வலப்பக்கம் பின்னால் நடக்கவிட்டான்.

சளப், சளப்.

"ஐயே, என் செருப்புதான்!" சிரித்தாள். பிறகு எங்கே என்று பார்க்கத் தலையை வலப்பக்கம் திருப்பினாள். திரும்பவும் இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். நாற்காலியிலேயே அரைவட்டம் திரும்பிவிட்டாள். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"என்ன இது, நான் திரும்பினா அதுவும் கூடவே திரும்புது?"

கதிர் என்னைப் பார்த்தான். ஒரு வாரம் எழுதிய நோட்டில் இந்த ஒரு வரி இல்லை. தலை எங்கே திரும்புகிறது என்று இந்த ஹெட்போனுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்டு சத்தத்தை இருந்த இடத்திலேயே நிறுத்தும் ஹெட்போன்கள் வேறு ஜாதி, வேறு விலை. மௌஸைக் கழுத்தாக்கிக்கொண்டதால் எங்களுக்கு இது உறைக்கவே இல்லை. அம்மாவிடம் மௌஸ் இல்லை.

கழற்றிக் கொடுத்துவிட்டு, "பாலை அடுப்பில வெச்சிருக்கேன்" என்று எழுந்துபோனாள்.

1 ஜனவரி 2025, புதன்

கதிர் மத்தியான ரயிலில் கிளம்பினான். சென்ட்ரலில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் அமைப்புகள் எல்லாம் மாறியிருக்கின்றன. போகிற போக்கில் என் 'இ'-யை எடுத்துவிட்டு அவனுடைய 'ஈ'-யைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். போனில் கேட்டால், "ஒரு மாசம் போட்டுப் பாருங்க மாமா, பழகுதான்னு எனக்குத் தெரியணும்" என்கிறான்.

ஃபேனை ஒன்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஆட்டத்திலேயே நெற்றிக்குள் எவனோ நடக்கிறான்.